பாஸ்பேட் ஏறியதற்கு அம்மா காரணமில்லை

தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடுகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கடல்நீர் மீன்தொட்டியில் பாஸ்பேட் ஏறியதற்கு உன் அம்மா காரணமில்லை. நான்தான் காரணம். அவள் தொட்டியில் விபூதி போட்டது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சிட்டிகை. மீதி அத்தனையும் என் வேலை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, தெரிந்தேதான் செய்தேன். இதைப் போனில் சொல்லிவிட மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நீ "ரீடிங் எவ்வளவுப்பா?" என்று ஆரம்பித்தாய், நான் எண்ணைச் சொன்னேன், பேச்சு அந்தப் பக்கமே போய்விட்டது. எழுதினால்தான் முடியும் என்று இன்று காலைப் பசியாறியதும் உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்ததும் நீ ஒரு முடிவை மாற்ற வேண்டும். கவிதாவின் பேறுகாலத்துக்கு அம்மாவைப் பெர்த்துக்கு வரச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் இருவரும் எடுத்த முடிவு. அது என் பொய்யை நம்பி எடுத்த முடிவு.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை அதன் பாட்டுக்கு இருக்கிறது, முட்டி வலிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அசதியாக இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவனுக்கு வருகிற இடுப்பு அசதி இல்லை இது. ஒரு விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டு, யாருக்கு அநியாயம் செய்தோமோ அவள் கையாலேயே சோறு வாங்கிச் சாப்பிடுகிறவனின் அசதி. மார்சிலிங் வீட்டு ஹாலில் உன் தொட்டி நிற்கும் இடம் உனக்குத் தெரியும். சோபாவில் உட்கார்ந்தாலும் கண்ணில் படும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாலும் கண்ணில் படும். அதைப் பார்க்காமல் உட்கார வேண்டுமென்றால் கழிவறைக்குத்தான் போக வேண்டும்.

அதை நீ வாங்கி வந்த நாளில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நேஷனல் சர்வீஸ் முடிந்து, நீ வேலைக்குப் போக ஆரம்பித்த சமயம். இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். "மீன் வேணும்னா தேக்கா மார்க்கெட்ல கிடைக்குது. அவனே வெட்டிக் கழுவியும் குடுப்பான்லா" என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் தமாஷாகச் சொன்னதுதான், ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் தமாஷ் ஒருநாளும் சரியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் டிப்போவுக்குக் கிளம்பும் நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். மதிய ஷிப்ட் என்றால் நீ பள்ளிவிட்டு வரும்போது நான் இருக்க மாட்டேன். அம்மாதான் உனக்கு என்னைப் பற்றிச் சொல்வாள், எனக்கு உன்னைப் பற்றிச் சொல்வாள். ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கிய இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரிதான் நாம் இருந்தோம். யார் குற்றம் என்று இப்போது தோண்ட வேண்டாம். என் குற்றம் என்று வைத்துக்கொள், அது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

கல்யாணமாகி நீங்கள் பெர்த்துக்குக் கிளம்பியபோது, தொட்டியை விற்றுவிடப் போகிறேன் என்றாய். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். உனக்கே ஆச்சரியம். ஒரு வாரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாய். விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் அம்மாவைக் கட்டிக்கொண்டாய். என்னிடம் வந்து, "எதை விட்டாலும் பாஸ்பேட்டை மட்டும் விட்டுடாதீங்கப்பா" என்றாய். அப்பா மகன் பிரிவுப் பேச்சு இதுதானா என்று அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. என்னை நம்பி நீ ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கவிதாவும் இதைப் படிப்பாள், அவளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீனுக்குப் போடும் தீனியில், அது தின்று கழிப்பதில், குழாய்த் தண்ணீரில் என்று எல்லா வழியிலும் பாஸ்பேட் தொட்டிக்குள் வரும். துளியாவது வேண்டும், அடியோடு இல்லாமல் போனால் பவளம் வெளுத்துப்போகும். அளவு மீறினால் கல்லெல்லாம் பச்சைப் பாசி முடிமுடியாக முளைக்கும், கண்ணாடியில் பழுப்புப் படலம் கட்டும், பவளத்தின் எலும்பு வளராமல் நின்றுபோகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, பொடி போட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். தண்ணீர் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட் அவ்வளவு. வண்ண அட்டையோடு ஒத்துப் பார்த்து எண்ணைக் குறித்து, குழாயைப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு ஞாயிறு தவறாமல் செய்தேன். உறைய வைத்த இறாலை வடிகட்டியில் போட்டு அலசி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுத்தான் தீனி வைத்தேன். துரு நிறத்தில் இருக்குமே, பாஸ்பேட்டை உறிஞ்சும் அந்த இரும்புத் துகள் பை, அதை மாதம் தவறாமல் மாற்றினேன். வற்றும் தண்ணீருக்கு வடிகட்டிய சுத்தத் தண்ணீர்தான் ஊற்றினேன். எண் ஒருநாளும் ஏறவில்லை. நான் படம் அனுப்புவேன், நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவாய். அந்த மஞ்சள் கட்டைவிரல். வாரம் ஒன்று. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், நேர வித்தியாசம் என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அம்மாவை அழைப்பாய், அரை மணி நேரம் பேசுவாய். கடைசியில் "அப்பா இருக்காராம்மா?" என்பாய். "இருக்கார், குடுக்கவா?" என்பாள். "இல்ல, சும்மா கேட்டேன்" என்பாய். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும்.

முதல் தடவை எண் ஏறியது நிஜமாகவே என் சோம்பலால்தான். முட்டி வீங்கி இரண்டு வாரம் குனிய முடியவில்லை. துகள் பையை மாற்றவில்லை, இறாலை அலசாமல் சாற்றோடு அப்படியே கொட்டினேன். ஞாயிறு பார்த்தால் குழாயில் நீலம் பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. படத்தை அனுப்பிவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. அம்மாவுடையது இல்லை, என்னுடையது. "அப்பா, என்னாச்சுப்பா? ஸ்கிம்மர் ஓடுதா? நுரை தள்ளுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நான் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். தொட்டி விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நீ வைக்கவில்லை. அங்கே மழையா என்று கேட்டாய். முட்டிக்கு என்ன தைலம் போடுகிறீர்கள் என்று கேட்டாய். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அப்பா, அம்மாட்ட இன்னும் சொல்லல. கவிதா மாசமா இருக்கா" என்றாய். முதலில் எனக்குச் சொன்னாய். நான் என்ன பதில் சொன்னேன் என்றே எனக்கு ஞாபகமில்லை. போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். எண் இறங்கியது. படம் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

உனக்கு இதை எப்படிச் சொல்வது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. உன் மேல் இல்லை, அந்த எண்ணின் மேல். அது நன்றாக இருந்தால் நான் உனக்குத் தேவையில்லை. பொய்யாக ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம் என்றால் நீ குழாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாய். ஆகவே நிஜமாகவே ஏற்ற வேண்டியிருந்தது. துகள் பையை எடுத்துக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், சவர்க்காரப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். இறாலை அலசுவதை நிறுத்தினேன். சில நாள் தீனியை இரண்டு மடங்காக வைத்தேன். மீன்களுக்குக் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை நீலம் ஏறும், போன் அடிக்கும். உன் குரலில் கவலை இருக்கும், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா ஃபீட் பண்றீங்க?" "ஒரு தடவைதான்பா." "ஷுவர்?" "ஷுவர்லா." இப்படி எத்தனை ஞாயிறு. அந்த அழைப்புகளில்தான் உன் மேலாளருக்கும் உனக்கும் ஒத்துப்போகாததைச் சொன்னாய். வீடு வாங்கப் பயமாக இருக்கிறது என்றாய். ஒருநாள், "நான் நல்ல அப்பாவா இருப்பேனாப்பா?" என்று என்னிடம் கேட்டாய். என்னிடம் போய்க் கேட்டாய்.

விபூதி விஷயத்துக்கு வருகிறேன். கிளவுன் மீன் இரண்டில் சின்னது ஒரு வாரம் தீனி எடுக்காமல் மூலையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, எனக்கு நெற்றியில் இட்டுவிட்டு, தொட்டி மூடியைத் தூக்கி ஒரு சிட்டிகையை உள்ளே போட்டாள். உனக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் அதைத்தானே செய்வாள். "ஏ, என்ன பண்றே?" என்றேன். "ஒரு சிட்டிகைதாங்க. ஒண்ணும் ஆகாது, பாவம் கிடக்குது" என்றாள். மீன் மறுநாள் எழுந்து ஓடியது, அது விபூதியாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் ஒருநாளும் அவள் போடவில்லை. அந்த ஞாயிறு நீ போனில் ரொம்பவும் குடைந்தாய். "எங்கிருந்துப்பா வருது? ஏதோ உள்ள போகுதுப்பா. நீங்க எதையோ சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றாய். பிடிபட்டுவிட்டேன் என்று தோன்றிய அந்த நொடியில் வாயில் வந்தது இதுதான்: "அம்மா விபூதி போடுறா." எத்தனை தடவை என்று கேட்டாய். "அப்பப்போ" என்றேன்.

"சாம்பல்ல பாஸ்பேட் இருக்கும்பா. கன்ஃபர்ம் அதான். அம்மாட்ட குடுங்க" என்றாய். கொடுத்தேன். நீ அவளை ஏசியது எனக்கு முழுவதும் கேட்டது. "எத்தனை தடவைம்மா சொல்றது, டேங்க்குள்ள எதையும் போடாதீங்கன்னு? உங்களுக்குச் சொன்னா புரியாதா?" அவள் காதில் போனோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்றுதான் பார்த்தாள். நான் தொட்டிக் கண்ணாடியில் படலம் சுரண்டுவது மாதிரி நின்றேன். "சரிப்பா, இனிமே போடல" என்று சொல்லிவிட்டு அவள் போனை என்னிடம் தந்தாள். அன்றிலிருந்து அவள் தொட்டிப் பக்கம் போவதில்லை. காலையில் காப்பித் தம்ளரோடு நின்று அந்த இரண்டு மீன்களிடமும் பேசிக்கொண்டிருப்பாளே, அது நின்றுபோனது. ஹாலைக் கடக்கும்போது சுவர் ஓரமாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறாள்.

இது முதல் தடவையும் இல்லை. நீ ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போன வாரம் இரண்டு மீன் செத்துக் கிடந்ததே, கொசுப்புகை அடிக்கும் நேரத்தில் அம்மா ஜன்னலைச் சாத்தாமல் விட்டதால் என்று சொன்னேனே, அது பொய். சுத்தத் தண்ணீர் தீர்ந்துபோனதால் நான் குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினேன். நீ தொடக்கநிலை ஐந்து படித்தபோது உன் ஆசிரியரைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி வராமல் போனேன். அம்மா சொல்ல மறந்துவிட்டாள் என்றேன். அவள் இரண்டு தடவை ஞாபகப்படுத்தியிருந்தாள். பழியைத் தூக்கி அவள் தலையில் வைப்பது எனக்குக் கைவந்த கலை. அவள் இறக்கி வைக்க மாட்டாள், அதனால் சுலபம். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இந்த ஒன்றுதான் தம்பி. பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் தினமும் ஏதாவது தப்பு நடக்கும். பால் கொதித்து வழியும், மருந்து வேளை தவறும், பிள்ளை கட்டிலிலிருந்து உருளும். அப்போது கவிதாவைப் பார்த்து விரல் நீட்டாதே. முதல் தடவை நீட்டுவதுதான் கஷ்டமாக இருக்கும், அப்புறம் கை தானாகப் போகும். என் கை அப்படித்தான் போனது, அதனால் சொல்கிறேன்.

விபூதிப் பேச்சோடு நான் நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காது. நிறுத்தவில்லை. நீ கூப்பிடுவது பழகிவிட்டது. அம்மா போடவில்லை என்று சொன்ன பிறகும் எண் ஏறிக்கொண்டே போனது. உனக்கு மிகவும் பிடித்த அந்த ஊதா நுனிக் கொம்புப் பவளம், விரல் நகம் அளவில் வாங்கி வந்து உள்ளங்கை அளவுக்கு நீ வளர்த்தது, அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த அன்றே பையை எடுத்து உள்ளே போட்டேன். நேரம் கடந்துவிட்டது, ஒரு வாரத்தில் அது முழுவதும் எலும்பாகிவிட்டது. படம் அனுப்பினேன். நீ அழைத்தாய், உன் குரல் தணிந்திருந்தது. பவளத்தைப் பற்றி நீ கோபப்படவே இல்லை. "அப்பா, அம்மாவுக்கு ஏதாவது மறதியாப்பா? போடலைன்னு சொல்றாங்க, ஆனா போடுறாங்க. போட்டதே மறந்துடுறாங்களா?" என்றாய். அப்புறம், "கவிதாவுக்குப் பயமா இருக்கு. கைக்குழந்தைப்பா. மருந்து, பால், குளிப்பாட்டுறது. அம்மா வர வேணாம்பா, அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். இங்கயே ஓர் ஆள் பார்த்துக்கிறோம்" என்றாய்.

அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "உங்க இஷ்டம்பா" என்றேன்.

அம்மாவிடம் நீ பக்குவமாகத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். குளிர், நீண்ட பயணம், உங்களுக்குச் சிரமம் என்றெல்லாம் சொன்னாய். அவளும் "அதுவும் சரிதான்பா" என்றாள். கவிதாவுக்கு அம்மா இல்லாததால், "அத்தை, நீங்கதான் வரணும்" என்று அவள் வாயாலேயே கேட்ட நாளிலிருந்து உன் அம்மா என்னென்ன செய்தாள் தெரியுமா? சிராங்கூன் சாலைக்கு இரண்டு தடவை போய் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வாங்கினாள். ஆஸ்திரேலியாவில் இதையெல்லாம் உள்ளே விடுவார்களா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டு, விடாவிட்டால் அங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் கேட்டு எழுதி வைத்தாள். என் பழைய வேட்டி மூன்றைத் துவைத்துக் காயவைத்து, பிள்ளைத் துணியாகக் கிழித்து ஓரம் தைத்தாள். நீ வேண்டாமென்று சொன்ன அன்று சாயங்காலம் அவள் அதையெல்லாம் ஒரு பையில் போட்டு அலமாரி மேல்தட்டில் ஏற்றினாள். முக்காலி போட்டு ஏறினாள். நான் பிடித்துக்கொள்ள வந்தேன். "வேணாம், நீங்க மீனைப் பாருங்க" என்றாள்.

போன மாதம் ஒருநாள் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, "அந்தத் தொட்டி விஷயம்..." என்று இழுத்தேன். அவள் தலை நிமிரவே இல்லை. "சவர்க்காரத்துக்குப் பின்னாடி வச்சிருந்தீங்களே ஒரு பை, அதானே?" என்றாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். வைத்த இரண்டாம் நாளே தெரியும் என்றாள். "அப்ப ஏன் அவன்கிட்ட சொல்லல? அவன் ஏசினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு? நீங்க மறுபடியும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை அவன் போன் வந்தா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத்தானே தெரியும். நாலு ஏச்சு வாங்கினா நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்?" கத்தியைக் கொஞ்சம் நிறுத்தினாள். "அது கவிதா பிரசவத்துக்கு நான் போறதுலயே வந்து நிக்கும்னுதான் நினைக்கல."

அவள் அழவில்லை. நறுக்கி முடித்து எழுந்து போனாள். நான் அழுதேன் தம்பி. இத்தனை வயதில், வெண்டைக்காய்க் காம்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு பாஸ்பேட்டை இறக்குவதைத் தவிர வேறு எந்த வேலையும் நான் பார்க்கவில்லை. சிராங்கூன் பக்கம் ஒரு மீன் கடைக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். ஒரே நாளில் இறக்கிவிட ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். அந்தச் சீனப் பெரியவர் தலையை ஆட்டினார். "அங்கிள், பெலான் பெலான். ஃபாஸ்ட் ஃபாஸ்ட் இறக்கினா மிச்ச பவளமும் சாகும்" என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார். மெதுவாகவே செய்தேன். பழைய பையை எடுத்துவிட்டு, புதுத் துகளைப் பாதி அளவில் ஆரம்பித்தேன். கல்லில் இருந்த பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்தேன். வாரம் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன். வடிகட்டித் துணியை மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்தேன். அழுக்கை நுரையாகத் தள்ளும் ஸ்கிம்மரின் கிண்ணத்தைத் தினமும் கழுவினேன், அந்த நாற்றம் உனக்குத் தெரியும். தீனியைக் குறைத்தேன், மீன்கள் என்னைக் கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தன. எண் இறங்கும், சந்தோஷப்படுவேன், மூன்றாம் நாள் பார்த்தால் மறுபடியும் ஏறியிருக்கும். கல் குடித்து வைத்திருந்ததையெல்லாம் தண்ணீர் தெளியத் தெளிய வெளியே விடுகிறது என்று கடைக்காரர் சொன்னார். ஒன்றும் செய்ய முடியாது, அது விட்டு முடிக்கும் வரைக்கும் நாம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வாரங்களில் நான் உனக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் நிஜம். அவற்றில் எண் ஏறியிருந்த மூன்று வாரமும் நீ கூப்பிட்டாய். அந்த அழைப்புகளில் நான் அதிகம் பேசாததன் காரணம் இதுதான்.

நேற்று நீலம் மிகவும் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி இருந்தது. மிச்சமிருக்கும் பவளங்கள் மறுபடியும் விரிகின்றன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கிருந்தே எட்டிப் பார்த்து, "ம்" என்றாள். உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். "எழுதாதீங்க. அப்புறம் அவன் உங்ககிட்ட பேச மாட்டான்" என்றாள். தனக்கு நடந்ததைப் பற்றி அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு மறதி ஒன்றும் இல்லை தம்பி. இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். கவிதாவுக்கு எத்தனையாவது வாரம் என்று இன்றைக்குக் கேட்டாலும் நாள் கணக்கில் சொல்வாள்.

கவிதா, நீ பயந்ததில் ஒரு தப்பும் இல்லைம்மா. பிள்ளையைச் சுமக்கிறவள் பயப்படத்தான் வேண்டும். ஆனால் நீ பயப்பட வேண்டிய ஆள் அத்தை இல்லை. என்னை வேண்டுமானால் நம்பாதே, நான் வரவும் போவதில்லை, தொட்டியைப் பார்க்க ஆள் வேண்டும். உன் அத்தையை நம்பி உன் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அவள் பாஸ்போர்ட் இன்னும் செல்லும். பயண அனுமதியைக் கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம், அதை நான் செய்துவிடுகிறேன். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, நேரம் தாராளமாக இருக்கிறது.

தம்பி, இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். அம்மா சொன்ன மாதிரி நீ என்னிடம் பேசாமலும் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன், முடியாது, ஆனாலும் எழுதிவிட்டேன். அவளிடம் நீ மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அவளுக்கு அது கூச்சமாக இருக்கும். டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று மட்டும் கேள். அவள் நம்பருக்கு அடி, என் நம்பருக்கு வேண்டாம். என்னைக் கூப்பிட இந்த வாரம் ஒரு காரணமும் இல்லை, பாஸ்பேட் சரியாக இருக்கிறது.

அப்பா